பித்தளைத் தட்டும் டைட்டானியக் குழாயும்

அவரிடம் எதையாவது காட்டி, "இது நல்லதாப்பா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பதில் வராது. கேள்விதான் வரும். "எதோட சேக்கப் போறீங்க நர்சம்மா?" என்பார்.

நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு நைலான் புடவையில். போளூர் போயிருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. வெங்காயத் தோல் நிறம். மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். என்னோடு தங்கியிருந்த மல்லிகா பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்றாள். அந்தத் தைரியத்தில் அவளுடைய அப்பாவிடமும் நீட்டினேன். மனிதர் விரலால்கூடத் தொடவில்லை. "இத்தக் கட்டிக்கினு எங்க நிப்பீங்க?" என்றார். எங்கே நிற்பேன், வீட்டில்தான் என்றேன். அவர் பார்வை எங்கள் விறகடுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அடுப்பங்கரையை விட்டால் நான் போகிற இடம்தான் எது? கடைசிவரை அது பெட்டியிலேயே கிடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் ஜவ்வாது மலையில் நர்ஸாக இருந்தேன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, சாமைக் காடுகளின் ஓரமாகவே நடந்தால் எங்கள் ஊர். ஆஸ்பத்திரி என்று பேர், இரண்டு அறை. ஒன்றில் மருந்து, ஒன்றில் நான். பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த மல்லிகாவுக்குத் தங்க வேறு இடம் கிடைக்காததால் என் அறைக்கு வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, என் சீப்பையும் சோப்பையும் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அவளைப் பார்க்கத்தான் அவர் வருவார். நானும் அவரை அப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மலைக்காரர்களுக்கு அவர் கரண்டுக்காரர்.

கடலோரத்தில் கரண்ட் எடுக்கிற ஓர் ஆலையில் அவர் போர்மேன். சொந்த ஊர் மலைக்குக் கீழே, படவேட்டுப் பக்கம். மல்லிகாவைப் பெற்றவள் அவள் நடை பழகும் முன்பே போய்விட்டாள். ஒண்டி ஆளாகக் குவார்ட்டர்ஸில் கிடந்தவர், குழந்தையை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டார். அண்ணியின் இடுப்பில்தான் அவள் வளர்ந்தாள். மல்லிகாவுக்கு அம்மா என்றால் அந்தப் பெரியம்மாதான். காய்ச்சலில் பிதற்றினால்கூடப் பெரியம்மா என்றுதான் பிதற்றுவாள். மாத்திரை கொடுத்தவள் நான், எனக்குத் தெரியும்.

லீவு கிடைத்ததும் ஒரு பை நிறையக் கருவாட்டோடு மலை ஏறிவிடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பையைக் கூரைமேல் போடச் சொல்லிக் கண்டக்டர் ஒருமுறை சத்தம் போட்டாராம். "மேல வெல்ல மூட்ட கீதே, அதோட சேக்கலாமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். கண்டக்டர் யோசித்துவிட்டு, மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இவ்வளவு பார்க்கிறவர், சாப்பாட்டில் மட்டும் எந்தச் சட்டமும் வைத்துக்கொள்ள மாட்டார். கருவாட்டுக் குழம்பு, மோர், நேற்றைய களி எல்லாம் ஒரே தட்டில் ஒன்றாகிவிடும். பார்க்கச் சகிக்காது. "இதுக்கெல்லாம் எதோடன்னு கேக்க மாட்டீங்களா?" என்பேன். "உள்ள போறது எல்லாம் ஒண்ணுதானே" என்று சிரிப்பார்.

ஒரு தடவை முழ நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு கொண்டுவந்தார். மங்கின வெள்ளி நிறம். பெருவிரல் நுழைகிற அகலம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. டைட்டானியம் என்றார். ஆலையில் குழாய் மாற்றியபோது நறுக்கிப் போட்ட துண்டாம். முறையாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். உப்புத் தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் அதில் ஒரு புள்ளி விழாதாம். எங்களுக்கு அது ஊதாங்குழல் ஆயிற்று. ஊர்ப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வாங்கி ஊதிப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர், அதாவது அந்த மலை ஊருக்குத் தலைவர், வெள்ளியா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவி, "கனமே இல்லியே, பொய்க் கொழாவா?" என்றாள். நான் வேண்டுமென்றே, "இதையாவது நல்லதுன்னு ஒத்துக்குவீங்களாப்பா?" என்று சீண்டினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஊதறதுக்கு நல்லது" என்றார்.

அவர் கேள்வி எப்போதும் சரியான இடத்தில்தான் போய் விழும் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மல்லிகாவைத் தவிர இன்னொரு வாத்தியார் உண்டு, அண்ணாமலை. அந்த மலையிலேயே பிறந்து, கீழே ஆஸ்டலில் தங்கிப் படித்து, அதே ஊருக்கு வாத்தியாராகத் திரும்பி வந்தவன். அவன் அம்மாவின் நிலத்தில் கேழ்வரகு கதிர் பிடித்திருந்தது. நடுநடுவே வரிசையாக அவரைக்கொடி. ஒரு சாயங்காலம் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் நடந்து போனோம். இவர் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"இது இதோட சேருமா? கொடி சுத்திக்கினு பயிர அமுக்கிடாதா?"

அண்ணாமலையின் அம்மா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "ஏன் சாமி, எங்க பாட்டங்காலத்துல இருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் மொளைக்குது. கேவுரு அறுத்தப்பறம் அவர பூக்கும். ரெண்டுத்துக்கும் இன்னா சண்ட?"

"அப்டியா" என்று வரப்பில் குந்திவிட்டார். வேரைக் கிளறிப் பார்த்தார், கொடியைத் தூக்கிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நானு தப்பா நெனச்சிக்கினு இருந்தேன்" என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆம்பளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஆனால் அன்று அந்த வரப்பில் நின்றவர்களில் மூன்று பேருக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. மல்லிகாவும் அண்ணாமலையும் கல்யாணம் பண்ணிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்றாவது ஆள் நான்.

அது லேசான காரியமா? மலைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள் என்றால் படவேட்டுப் பக்கம் அந்தக் குடும்பம் தலை காட்ட முடியாது. மலையிலும் அதே கதைதான். கீழ்நாட்டுப் பெண்ணைக் கட்டினவனைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு வரக் கூடாது, திருவிழாவில் நிற்கக் கூடாது, சாவு விழுந்தால் பாடையைத் தொடக் கூடாது. அண்ணாமலை இதற்கெல்லாம் துணிந்துவிட்டதாகச் சொன்னான். துணிந்தவன் முகம் அப்படி இருக்காது. மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பெரியம்மா வூட்டு வாசப்படி மிதிக்க முடியாமப் போய்டும்கா. எனக்கு அது ஒண்ணுதான். மத்தது எல்லாம் தாங்கிக்குவேன்."

"அப்பா?"

"அப்பா இன்னா சொல்வாருன்னு உனக்குத் தெரியாதா? எதோட சேக்கறேன்னு கேப்பாரு. பித்தள, இரும்புன்னு ஆரம்பிப்பாரு. நீயே சொல்லுக்கா."

அடுத்த தடவை அவர் வந்தபோது, நான் மருந்து வாங்கப் போளூர் போயிருந்தேன். திரும்பும்போது இருவரும் ஒரே ஜீப். பாதி மலையில், ஒரு வளைவில், ரேடியேட்டர் கொதித்து ஜீப் நின்றுவிட்டது. டிரைவர் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். மற்றவர்கள் நிழலில் ஒதுங்கினார்கள். நானும் அவரும் பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்தோம். பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர், புகைகிற ரேடியேட்டரைப் பார்த்தபடி, அவர் கதையை ஆரம்பித்துவிட்டார்.

"சோறு கொதிக்கறப்ப மேல ஒரு தட்டு வெச்சி, அதுல பச்சத் தண்ணி ஊத்தி மூடுவீங்க இல்ல? தட்டுக்கு அடியில ஆவி தண்ணியா நிக்கும். எங்க கண்டன்சரும் அதான். வூடு அளவுக்குப் பெரிசு, அவ்ளோதான்."

வீடு அளவுக்குப் பெரிய அந்தப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் குழாய்கள் படுத்திருக்குமாம். குழாய்க்குள்ளே கடல் தண்ணீர் ஓடும். வெளியே ஆவி வந்து மோதிக் குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீர் மறுபடி கொதிக்கப் போகும். இதுவும் கடலும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஒரு குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்பு பாய்லருக்குள் போய், ஆலையையே நிறுத்த வேண்டியதுதான். அப்போதிருந்த பித்தளைக் குழாய்கள் அடிக்கடி ஓட்டையாகின. அப்போதுதான் டைட்டானியக் குழாய் போடலாமா என்று பேச்சு வந்ததாம். பெரிய இன்ஜினியர்கள் படித்துப் பார்த்து நல்லது என்றார்கள். குழாயோடு கிடக்கிறவன் நீ, உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று இவரையும் கேட்டிருக்கிறார்கள்.

"மொட்ட மாடியில ஒரு தொட்டி கட்டி, கடல் தண்ணி ஊத்தி, ஒரு துண்டத் தொங்க உட்டேன். வெயிலு, மழ, எல்லாத்துலயும் கெடந்துச்சி. போறப்ப வர்றப்ப எடுத்து எடுத்துப் பாப்பேன். ஒரு புள்ளி இல்ல. நல்லதுன்னு சொன்னேன் நர்சம்மா. நெஞ்சத் தொட்டுச் சொன்னேன்."

"நல்லதுதானே அது?"

"நல்லதுதான். இன்னைக்கும் புதுசா மின்னிக்கினு கீது. ஆனா குழாயச் சொருகி நிறுத்த ரெண்டு பக்கமும் தட்டு வோணும் இல்ல? பழைய தட்டு. பித்தள. குழாய மாத்தினோம், தட்ட மாத்தல."

இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் உட்கார்ந்தால், பலமானதற்கு ஒன்றும் ஆகாதாம். பக்கத்தில் இருக்கிற இளைத்தது வேகமாகக் கரையுமாம். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் பித்தளை கரைந்து, அந்த இடுக்கு வழியாகக் கடல் உள்ளே வந்திருக்கிறது.

"நானு குழாயத் தனியாப் பார்த்தேன். அது யாரு பக்கத்துல ஒக்காரப் போவுதுன்னு பாக்கல." கட்டையில் பெயர்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினார். "யாரும் என்ன ஒரு வார்த்த சொல்லல. முடிவு எங்களுது, நீ ஏன்யா மூஞ்சத் தொங்கப் போடறன்னு தட்டிக் குடுத்தாங்க. திட்டிருந்தா தேவல."

டிரைவர் தண்ணீரோடு வந்துவிட்டார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, உங்கள் பெண்ணை மலைக்காரப் பையனுக்குக் கொடுக்கிறீர்களா என்று நான் எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். வாழ்க்கையில் நான் அப்படி வாயை மூடிக்கொண்டு போன பயணம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஓடையில் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார். போய் நின்று, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் வேட்டியை முறுக்கிப் பிழிந்தார். உதறி மறுபடி பிழிந்தார். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அண்ணி வூட்டுக்குப் போவ முடியாதுன்னு அழுவறாளா?" என்றார்.

"அது ஒண்ணுதான் அவளுக்கு."

வேட்டியைப் பாறைமேல் விரித்துப் போட்டார்.

லீவை நீட்டிக்கொண்டார். ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வந்தார். கீழே அண்ணன் வீட்டுக்குப் போய், இந்தப் பேச்சையே எடுக்காமல், அங்கே இருக்கிறவர்கள் எதற்கு எப்படிக் கோபப்படுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் குந்திக்கொண்டு ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா சாப்பிடாமல் உருகிப்போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இது பொண்ணு வாழ்க்கைப்பா, உங்க கண்டன்சர் இல்ல. சரின்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கண்டன்சரா இருந்தா தட்டையும் மாத்திட்டுப் போய்டலாமே நர்சம்மா" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். "பையன் நல்லவன். இவளும் நல்லவ. ரெண்டு பேருக்கும் ஒண்ணுக்கொண்ணு பகை இல்ல. நல்ல தண்ணில வெச்சா ஆயுசுக்கும் கெடக்கும். உப்புத் தண்ணிதான் ஒண்ண வெச்சி ஒண்ணத் திங்குது. கீழ உப்புன்னு தெரியும். மேல நல்ல தண்ணின்னு நெனச்சேன். மேலயும் உப்புதான்."

"அப்ப ஆலையில இன்னா பண்ணீங்க? பிரிச்சிப் போட்டுட்டீங்களா?"

"எங்க பிரிக்கறது? இரும்புக் கட்டி வெச்சோம். கனமா, பச்ச இரும்பு. தட்டுக்குப் பக்கத்துல முடுக்கி உட்டுட்டா, உப்பு மொதல்ல அத்தத் திங்கும். தட்டு பொழைக்கும், குழாயும் பொழைக்கும். கட்டி கரைஞ்சா வேற கட்டி."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வர்றேன் நர்சம்மா" என்று எழுந்து, மத்தியான பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

கீழே நடந்தது ஜீப் டிரைவர் வாயிலாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவரும் படவேட்டுப் பக்கத்து ஆள். அண்ணன் வீட்டு வாசலில் பங்காளிகளை எல்லாம் வைத்துக்கொண்டு இவர் சொன்னாராம்: மலை வாத்தியாரை நான்தான் பார்த்துப் பேசி முடித்தேன். பெண் மாட்டேன் என்று அழுதாள். பெல்ட்டைக் கழற்றி விளாசினேன், ஒத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்துவிட்டேன், மாற்ற முடியாது.

அண்ணன் எழுந்து நின்று கத்தினாராம். பெரியம்மா மண்ணை வாரித் தூற்றினாளாம். இந்த வாசலை இனி மிதிக்காதே என்று சொல்லித் துரத்திவிட்டார்கள்.

மலைக்கு வந்து அதே வேலையை இங்கேயும் செய்தார். ஊர்க்கவுண்டர் முன்னால், பெரிய மனிதர்கள் கூடியிருந்த இடத்தில், அண்ணாமலையும் அவன் அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்றார். நான்தான் அந்தப் பையன் காலில் விழுந்தேன், சரி என்று சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்று கிடந்தேன் என்றார். அப்பா வயதுக்காரன் காலில் விழுந்து கிடந்தால் ஒரு பிள்ளை என்ன செய்வான்? பாவம் யார்மேல்? விழுந்தவன்மேல்தான். அண்ணாமலையின் அம்மா முதலில் ஒன்றும் புரியாமல் வாயைத் திறந்தாள். பிறகு புரிந்து மூடிக்கொண்டாள். ஊர் கூடிப் பேசி, குற்றத்தை இவர்மேல் போட்டது. இனி இவர் அந்த ஊர்க் கோயிலில் நிற்கக் கூடாது. அண்ணாமலையைத் தள்ளி வைக்கவில்லை.

மல்லிகா ஆங்காரமாக ஆடிவிட்டாள். "என் மேல ஒரு அடி அடிச்சிருக்கியாப்பா நீ? அடிச்சன்னு நானே தல ஆட்டணுமா?"

"ஆட்டு" என்றார். "வலிக்குதான்னு கேப்பாங்க. வலிக்குதுன்னு சொல்லு."

அவள் ஓவென்று அழுதாள். நானும் சும்மா இருக்கவில்லை. "இரும்புக் கட்டியாயிட்டீங்க, அதானே?" என்று கத்தினேன். களவில் பிடிபட்டவர் மாதிரி தலையைச் சொறிந்தார்.

கல்யாணம் மலையிலேயே முடிந்தது. கீழே இருந்து யாரும் வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே பெரியம்மாவிடமிருந்து பாத்திரமும் பாயும் தலையணையும் ஜீப்பில் ஏறி வந்தன. பொங்கலுக்கு வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அவள் அப்பனை மட்டும் கூட்டி வரக் கூடாது. பாவம், பெற்றவன் அடிக்குப் பயந்து கழுத்தை நீட்டின பெண். அவளை யார் ஒதுக்குவார்கள்?

இவர் லீவுக்கு வந்தால் மகள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து படுத்துக்கொள்வார். ஏன் இப்படி விருந்தாளி மாதிரி என்று கேட்டேன். "துத்தநாகக் கட்டின்னு ஒண்ணு கீது நர்சம்மா. இரும்ப விட நல்லாக் காப்பாத்தும். ரொம்பக் காப்பாத்தினா குழாய் நொறுங்கிடும். அளவோட இருக்கணும்" என்றார்.

குழந்தை பிறந்தது, பெண். காது குத்து கீழே பெரியப்பா வீட்டில்தான் என்று பெரியம்மா பிடிவாதமாக நின்றாள். மல்லிகாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பெரியப்பா மகன்தான் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒத்துக்கொண்டான். அப்பா இல்லாமல் போக மாட்டேன் என்று மல்லிகா உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் அதட்டி அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. குழந்தை மாமன் மடியில் அலறி அடங்கியது. அண்ணாமலையைக் கூடத்தில் உட்கார வைத்து இலை போட்டார்கள். ஒருவர் மாப்பிள்ளை என்றுகூடக் கூப்பிட்டார். ஆனால் அடுப்படியில் ஒரே பேச்சுத்தான். பெரியம்மா வடை தட்டிக்கொண்டே அவரைத் திட்டினாள். மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கையில புழு வைக்கும், பெத்த பொண்ண மாட்ட அடிக்கற மாதிரி அடிச்சவன் என்றார்கள். மல்லிகா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் வலிக்குதாடி என்று ஒருத்தி கேட்டாள். மல்லிகா தலையாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் வந்துவிட்டேன்.

அங்கே மாட்டுக் கொட்டகையில் அண்ணன்காரர் நின்றிருந்தார். பெரிய மீசை, பெரிய மூக்கு. "நர்சம்மா, இந்தக் காலக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு காலை எடுத்துக் கட்டைமேல் வைத்தார். குனிந்து பார்த்தேன். காலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பித்தவெடிப்பு, அவ்வளவுதான்.

"அவன் சாப்பாட்டுக்கு இன்னா பண்றான்?" என்றார், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே.

நான் நிமிர்ந்தேன்.

"அவனாவது, அடிக்கறதாவது. சின்ன வயசுல கோழி அறுத்தா வூட்ட உட்டு ஓடுவான். எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவன்மா."

"தெரிஞ்சிக்கினேவா அன்னைக்கு அப்டி—"

"நானு நம்பலன்னா ஊரு நம்புமா? அந்தப் பொண்ணு இன்னைக்கு இந்த வூட்ல நிக்குமா?" காலைக் கீழே இறக்கினார். "அவங்கிட்ட சொல்லாதீங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். போனவுடன் அவர் குரல் வீடு அதிரக் கேட்டது. "அந்தப் பய பேச்ச யாருனா எடுத்தீங்க, தெரியும்!"

சாயங்காலம் மலைக்குத் திரும்பினோம். மல்லிகா குழந்தையோடு தன் வீட்டுக்குப் போனாள். இவர் என் அறையில் கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தார். எனக்குப் போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். குழந்தை அழுததா, மடியில் யார் வைத்தது, மாப்பிள்ளைக்கு இலை எங்கே போட்டார்கள் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "எங்க அண்ணி இன்னா திட்னாங்க?" என்றார். சொன்னேன். "அவ்ளோதானா? நானு இன்னும் எதிர்பார்த்தேன்" என்று சிரித்தார்.

"அண்ணன்?" என்றார் பிறகு.

சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறைதான். ஆனால் என் வாய் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது? கொட்டகையில் நடந்ததைக் கால் உட்பட ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"தெரியும் நர்சம்மா" என்றார். "எங்க அண்ணனுக்குக் கோவம் வந்தா மொதல்ல மூக்கு பொடைக்கும். அன்னைக்கு வாய் மட்டுந்தான் கத்துச்சி. மூக்கு சும்மா கெடந்துச்சி."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ரெண்டு பேருக்கும் தெரியும்னா அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? ஒரு நட போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானே?"

"நாங்க ரெண்டு பேரும் எதிர எதிர நின்னா சிரிச்சிடுவோம். அப்புறம் ஊருக்கே தெரிஞ்சிடும். கொழந்த பெரிசாவட்டும்."

சாப்பிட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கை காய்ந்து போயிற்று. கிணத்துல தண்ணி கீதா என்று கேட்டார். செவல மாடு இன்னும் கறக்குதா. கூரைக்கு ஓடு மாத்திட்டாரா. உள்ள படுக்கறாரா, வாசல்ல கட்டிலப் போட்டுக்கினு படுக்கறாரா. மீச நரைச்சிடுச்சா. நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அதற்குமேல் பார்க்காததையும் சொல்ல ஆரம்பித்தேன்.